டொல்பின் வானின் டைமிங் பெல்ட்: யாழ்ப்பாணத்தில் செய்வித்த வேலை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அதனால் ஊர் வீடுகளில் இன்னும் நிற்பது பழைய ஹையேஸ்தான், எல்லாரும் டொல்பின் என்று சொல்கிற வான். மாதக்கணக்காகக் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடிய வண்டி, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும் கட்டுநாயக்கா, திருகோணமலை, கதிர்காமம் என்று ஓடத் தொடங்கும். எஞ்சினின் பாகங்களைச் சரியான நேரத்தில் சேர்ந்து சுழல வைக்கிற பல்லுப் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதில் உள்ள பிழை வெளியில் தெரிவதும் அப்போதுதான்.

இந்த வான் டொயோட்டாவின் 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி. காலையில் ஸ்டார்ட் எடுக்க நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தது. எடுத்த பிறகும் கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. முதலில் பார்த்த கராஜில் இன்ஜெக்டரும் டீசல் பம்பும் முடிந்துவிட்டது, இரண்டையும் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது பெரிய செலவு. அதற்குச் சம்மதிக்க முதல் பார்க்க வேண்டியது பெல்ட்டின் குறிகளை, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிற அடையாளங்களை.

காரணம், 2எல், 3எல், 5எல் எஞ்சின்கள் மூன்றிலும் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டை மட்டுமல்ல, டீசல் பம்பையும் இந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற, கேமும் பம்பும் ஒரு சுற்று. கிராங்கின் பல்லுச்சக்கரத்தில் 24 பல் என்று வைத்தால் ஒரு பல் தவறுவது 15 பாகை. பம்ப் அவ்வளவு பிந்தினால் டீசல் நேரத்துக்கு எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகும். முந்தினால் எஞ்சின் இரும்பில் அடிப்பதுபோலத் தட்டும். கேம் பக்கம் தவறினால் நிலைமை இன்னும் மோசம். கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்குகிற விகிதம், 22-க்கு 1 என்கிற அளவில் இருப்பதால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இடமே இல்லை. வால்வு பிஸ்டனில் அடித்து வளையும்.

இரண்டாவது கராஜ் காரர் முதலில் ரோர்ச் அடித்துப் பார்த்தது பம்பைப் பூட்டியிருந்த நட்டுகளை. பம்பை முன்பின்னாகச் சரிப்பதற்கு அதன் காதுகளில் நீளத் துளை உண்டு. நட்டுகள் அந்தத் துளையின் கடைசி விளிம்பில் நின்றன. பெல்ட்டை ஒரு பல் பிந்திப் பூட்டிவிட்டு, எஞ்சின் ஓடாததால் பம்பைச் சரித்துச் சமாளித்திருக்கிறார்கள். சரிப்பதால் சில பாகைதான் கிடைக்கும், ஒரு பல்லை ஈடுகட்டாது. இந்த அடையாளத்தை யாரும் மூடியைக் கழற்றாமலே பார்க்கலாம்.

பிறகு முன் சீட்டைத் தூக்கி, பட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஸ்டார்ட் எடுக்கச் சூடாக்குகிற நாலு க்ளோ பிளக்கையும் எடுத்தார். அவை இருந்தால் கம்ப்ரஷன் எதிர்த்து, கையால் மெதுவாகச் சுற்றிக் குறியில் நிறுத்த முடியாது. வெளியே உள்ள கிராங்க் புலியின் (கப்பியின்) குறி வெட்டை மட்டும் நம்பவும் கூடாது. கிராங்க் போல்ட் சரியாக இறுக்காமல் ஓடிய எஞ்சின்களில் சக்கரத்தைத் தண்டோடு பூட்டி வைக்கிற சாவியும் சாவித் துளையும் தேய்ந்து குறி பொய் சொல்லும். புலியைக் கழற்றி, உள்ளே பல்லுச்சக்கரத்தின் குறியையும் சாவியையும் பார்த்தபின்தான் மேலே போக வேண்டும்.

குறி தவறுவது பெரும்பாலும் பூட்டுகிற நேரத்தில்தான். கேமை வால்வு ஸ்பிரிங்குகள் தள்ளும், பம்பை அதன் உள் ஸ்பிரிங் தள்ளும். பெல்ட்டை எடுத்ததும் இரண்டும் குறியை விட்டுத் துள்ளிவிடும். ஒருவர் ஸ்பானரால் பம்பின் நட்டைப் பிடித்திருக்க மற்றவர் பெல்ட்டை ஏற்றினால் இந்தப் பிழை வராது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் விறைப்பாக நிற்க வேண்டும், தளர்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். மாறி நின்றால் ஸ்பிரிங் இழுக்கும்போது ஒரு பல் தானாக நகரும். டென்ஷனரை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பி இறுக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்பிரிங் இழுக்கிற அளவே போதும், அதற்கு மேல் இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், பேரிங் சாகும். கிராங்கில் வரும் பெல்ட் கைடின் (பெல்ட்டின் ஓரத்தில் நிற்கிற தட்டின்) குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும்; திருப்பிப் போட்டால் பெல்ட்டின் ஓரம் அரைபடும்.

பூட்டியதும் கேட்க வேண்டியது ஒன்று: "அண்ணை, மூடுறதுக்கு முதல் ரெண்டு சுத்துச் சுத்திக் குறியைக் காட்டுங்கோ." கிராங்கை வலஞ்சுழியாக மட்டும் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். குறியைத் தாண்டிப் போனால் பின்னுக்குத் திருப்பாமல் இன்னும் இரண்டு சுற்று. கிராங்க், கேம், பம்ப் மூன்றும் தங்கள் குறியில் நின்றால் சரி. ஒன்று விலகினாலும் பெல்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும், பம்பைச் சரித்து ஒப்பேற்றக் கூடாது.

பம்பின் நுண்ணிய நேரம் அதற்குப் பிறகுதான். காதால் கேட்டுச் சரிப்பவர்கள் ஊரில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஊசியால் நுண்ணிய அளவு காட்டுகிற டயல் கேஜுக்கு அது ஈடாகாது. அந்தக் கராஜில் கேஜ் இல்லை. பக்கத்தில் டீசல் பம்ப் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டார்கள், அவர் கேஜோடு வந்தார். குளிரில் ஸ்டார்ட் எடுக்க நேரத்தை முந்தவைக்கிற கோல்ட் ஸ்டார்ட் லீவரை விலக்கி இடையில் உலோகத் துண்டு வைத்து, பம்பின் தலையில் உள்ள நடு போல்ட்டை எடுத்து அந்த இடத்தில் கேஜைப் பூட்டினார். கிராங்கை மேல் மையத்துக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடத்துக்கு) 25 முதல் 30 பாகை முன்னால் கொண்டுபோய், ஊசி அசையாத இடத்தில் பூச்சியம் வைத்து, மெதுவாக மேல் மையத்துக்குக் கொண்டுவந்து வாசித்தார். அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறு, மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் பார்க்கிற வேலை. பம்ப் உடலைச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சரித்தால் நேரம் முந்தும். டீசல் பைப்புகளின் நட்டைத் தளர்த்தாமல் சரித்தால் பைப் முறுகி வெடிக்கும்.

சாமான் விஷயத்தில் ஸ்டான்லி வீதிக் கடைகளிலேயே பெல்ட் கிடைக்கும். கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பல்லை எண்ணி, பல்லின் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். டென்ஷனர் பேரிங், ஸ்பிரிங், கேம் சீல், கிராங்க் முன் சீல் எல்லாம் அதே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் புதுப் பெல்ட்டும் ஊறிப் பல் தாண்டும். பெல்ட்டுக்கு மட்டும் காசு கொடுத்து சீலுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது வீண்.

1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டாஷ்போர்டில் பெல்ட் லைட் எரிய வேண்டும். பல வான்களில் மீட்டரே மாறியிருப்பதால் அந்த லைட்டை நம்ப முடியாது. மாற்றிய திகதியையும் மீட்டர் வாசிப்பையும் பெயின்ற்றால் பெல்ட் மூடியிலேயே எழுதச் சொல்லுங்கள், அடுத்து வண்டியை எடுக்கிறவருக்கு உதவும்.