சின்ன டிரெய்லரா, வேனா, கூரைக் கூடாரமா: குமரி மாவட்டத்துக்கு எது சரிப்பட்டு வரும்?

2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்ததிலிருந்து எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பேச்சு அடிபடுகிறது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, இரண்டு பேர் படுக்கும் சின்ன டிரெய்லர் வாங்கலாமா, ஒரு வேனையே வீடாக மாற்றிக்கொள்ளலாமா, இல்லை கார் கூரையில் மடக்குக் கூடாரம் போதுமா என்று கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் எழுதியவை. நமக்கோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் வீட்டு வாசற்படியை உரசிக்கொண்டு போகும் ரோடுகள். இங்கே எது தாக்குப்பிடிக்கும், கெட்டுப்போனால் யார் சரிசெய்து தருவார் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

கூரைக் கூடாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றிலும் செலவு குறைவு அதற்குத்தான். குலசேகரம் பக்கம் தெரிந்தவர் ரப்பர் தோட்டத்தில் ஒன்றிரண்டு இரவு தங்க அது போதும். ஆனால் கூரையில் ஐம்பது அறுபது கிலோ ஏறுகிறது. கார் கையேட்டில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்காமல் மாட்டக்கூடாது. முட்டு வலி உள்ளவர்களால் ராத்திரி ஏணி இறங்க முடியாது. மழையில் நனைந்த துணியை அப்படியே மடக்கி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். சாரல் விடாத ஜூன், ஜூலையில் அதைக் காயவைப்பதே தனி வேலை.

வேனின் வசதி வேறு எதற்கும் வராது. ரிவர்ஸ் எடுப்பதும் நிறுத்துவதும் சுலபம், மழை கொட்டினாலும் வெளியே இறங்காமல் பின்னால் போய்ப் படுக்கலாம். தினம் ஓர் ஊர் என்று போகிறவர்களுக்கு வேன்தான். சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டு, கூரையை வெட்டி ஜன்னல் வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, எஞ்சின் வேலைக்கு வேன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வீடும் சேர்ந்து போய்விடும். வருஷத்தில் சில வாரம் மட்டும் சுற்றுகிறவர், மீதி நாளெல்லாம் ஒரு முழு எஞ்சினையும் அதன் இன்சூரன்ஸையும் சும்மா சுமக்க வேண்டும்.

டிரெய்லரை முட்டம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கழற்றி நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று போய் வரலாம். குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர் உண்டு. வகை ஒப்புதல் சான்று (அந்த மாடலைச் சோதித்து அங்கீகரித்த சான்று) இல்லாமல், உள்ளூர் வெல்டிங் கடையில் கட்டியதை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். காரும் அதை இழுக்கிற கார்தானா என்று பார்க்க வேண்டும்: பாடியிலிருந்து தனியான சேஸிஸ் (அடிச்சட்டம்) உள்ள தார், ஸ்கார்பியோ-என் மாதிரி வண்டிகள் தோதானவை. எதுவானாலும் கையேட்டில் சொன்ன இழுவை எடையைத் தாண்டக்கூடாது.

காற்றும் சந்தும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவிலும் ஓட்டியவர்களுக்கு அது வெறும் பழமொழியாகத் தெரியாது. பக்கவாட்டில் அடிக்கும் அந்தக் காற்றில் பின்பாரம் கூடிய டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தால் காரையும் சேர்த்து இழுக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் உட்கார வேண்டும். 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 முதல் 90 கிலோ. ஹிட்ச்சின் தாங்கும் அளவு அதற்கும் குறைவாக இருந்தால் அந்த டிரெய்லர் அந்தக் காருக்கு ஆகாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷினை, ஹிட்ச் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, டிரெய்லரின் மூக்குக்குக் கீழே வைத்தாலே தெரிந்துவிடும். குறைந்தால் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் முன்னால் தள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதனால் தொட்டி இருக்கும் இடமே பாதிக் கணக்கை முடித்துவிடும். ஓடும்போது ஆடினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம்.

ரிவர்ஸ் எடுப்பதில் நீள டிரெய்லரை விடக் குட்டை டிரெய்லர்தான் பாடு. சட்டென்று திரும்பிக்கொள்ளும். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் கை வைத்து, டிரெய்லரின் பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். காலி மைதானத்தில் பழகிய பிறகு மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் போகலாம்.

உப்புக்கு எது நிற்கும்

என் கணக்கில் இங்கே வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது படுக்கையையோ சமையல் மேடையையோ அல்ல, உப்புக்காற்றை எது தாங்கும் என்பதைத்தான். குளச்சல், முட்டம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரும்புத் தகட்டுப் பாடிக்கு எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கிருந்துதான் துரு கிளம்பும். அலுமினியம் இலேசு, தானாகத் துருப்பிடிக்காது. ஆனால் உப்பு ஈரத்தில் இரும்பு போல்ட்டோ ஸ்டெயின்லெஸ் போல்ட்டோ அதை நேராகத் தொட்டால், தொட்ட இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நைலான் வாஷர் போட வேண்டும். போல்ட்டில் 304-ஐ விட 316 தரம் உப்புக்கு நன்றாக நிற்கும், அதில் மாலிப்டினம் இருப்பதால். மரைன் பிளைவுட் பார்க்க அழகு. எட்டுக்கு நாலு அடிப் பலகை அளவில்தான் பழைய துளி வடிவ டிரெய்லர்களையே வடிவமைத்தார்கள். ஆனால் பலகையின் ஓரத்தில் ஒரு இடத்தில் பெயிண்ட் விட்டாலும் நம் மழைக்கு அது தண்ணீரைக் குடித்து உப்பிவிடும்.

ஃபைபர் பாடிக்குத்தான் என் ஓட்டு. அது உப்பை மதிக்காது என்பது ஒரு காரணம். நம் கடற்கரை முழுக்க ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. சித்தப்பாவின் டிரெய்லர் ஒரு சுவர் முனையில் உரசி மூலையில் உள்ளங்கை அகலம் உடைந்தபோது, தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளம் ஒட்டுகிற பெரியவரிடம் கொண்டுபோனோம். “இது என்ன பெரிய காரியம் மக்களே? ரெண்டு மேட் போட்டா தீந்துது” என்றார். உடைந்த ஓரத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துத் தூசி துடைத்தார். ரெசினில் முதலில் இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கலக்கினார், பிறகுதான் ஹார்டனரை ஊற்றினார். அவை இரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பிடித்துவிடும் என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். கண்ணாடி இழை மேட்டை நனைத்து ஒட்டி, ரோலரால் காற்றுக்குமிழி ஒன்றுவிடாமல் நசுக்கி வெளியேற்றினார். நாங்கள் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் அது இறுகியிருந்தது. இப்படி ஒரு கை பக்கத்தில் இருப்பது எந்தக் கம்பெனி வாரண்டியை விடவும் எனக்குப் பெரிது.

சேஸிஸ் இரும்புதான், வேறு வழியில்லை. வெல்டிங் முடிந்த பிறகு மொத்தமாகத் துத்தநாகத்தில் முக்கியெடுத்ததைக் கேட்டு வாங்குங்கள். மூடிய சதுரக் குழாயை விடத் திறந்த சேனல் நல்லது. குழாய் உள்ளிருந்து அரிப்பது வெளியே தெரியாது. கடற்கரைக்குப் போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஆக்ஸிலில் ரப்பர் டார்ஷன் வகை (ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர்) சத்தமில்லாமல் ஓடும், ஆனால் ரப்பர் தளர்ந்தால் முழு ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். லீஃப் ஸ்பிரிங்குக்கு லாரி வேலை பார்க்கிற எந்தப் பட்டறையும் போதும். நான் அதையே எடுப்பேன். வீல் பேரிங்கை வருஷம் ஒருமுறை கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது அடையுங்கள். ஓடாமல் நிற்கும் டிரெய்லருக்கும் இது வேண்டும், ஈரம் இறங்கிக் கிரீஸ் பால் நிறமாகிவிடும். வழியில் நிறுத்தும்போது ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பேரிங்கில் கோளாறு. டயர் தேயவில்லையே என்று விடக்கூடாது, ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் 2523 என்றிருந்தால் 2023-இன் 25-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

கரண்டும் அடுப்பும்

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம், 600 வாட்-அவர். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் ஆயிரம் வரை கிடைக்கும், எடையும் பாதிக்குக் கீழே. சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் ஒரு நாள் ஓட லித்தியம் போதும். ஏ.சி. வேண்டும் என்றால் பிளக் பாயின்ட் உள்ள இடத்தில்தான் தங்க வேண்டும். இண்டக்‌ஷனும் அப்படித்தான், ஆகவே அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர். எரிவாயு காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளிக்காற்றுக்கு ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும்போதே குனிந்து பாருங்கள்.

மழைக்காலத்தில் நிறுத்திவைக்க, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதை விட நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை நல்லது. தார்ப்பாய்க்குள் ஈரம் அடைபட்டு மெத்தை வரை பூஞ்சை ஏறும். மூக்கைக் கொஞ்சம் தூக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, கொசுவலையோடு ஜன்னலை ஒரு விரல் திறந்து விடுங்கள். எலி வராமல் இருக்க அரிசி, பருப்பு எதையும் உள்ளே விட்டுவைக்காதீர்கள்.