18,500 ரூபாய் போச்சு: ஆப்பில் 'ரீகண்டிஷன்' டீசல் பம்பு வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

18,500 ரூபாய். அது போக, எக்ஸ்சேஞ்ச் என்று கொடுத்தனுப்பிய பழைய பம்பு (வண்டி எஞ்சினுக்கு டீசல் அளந்து தள்ளுகிற பம்பு). இரண்டும் போய் இன்றோடு பதினோரு நாள். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் பழைய டாடா 407 லாரி வைத்துக் காய்கறி லோடு அடிக்கிற அண்ணன்மார் யாரும் இதே குழியில் விழக்கூடாது.

வண்டி பழைய டாடா 407, 497 எஞ்சின். நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர், 2956 சி.சி. அதில் இருப்பது சிலிண்டருக்கு ஒன்றாக நாலு எலிமெண்டும் (பேரல் என்ற குழாயும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டும் சேர்ந்த ஜோடி) வரிசையாக நிற்கிற இன்லைன் பம்பு. பம்பு செய்த மைக்கோ கம்பெனியின் பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது, பட்டறைகளில் இன்னமும் அது 'மைக்கோ பம்பு'தான். வீட்டு முற்றத்தில் கிளட்ச் மாற்றலாம், ஹெட்டை இறக்கி வால்வு தேய்க்கலாம். பம்பின் உள்வேலை மட்டும் முற்றத்தில் ஆகாது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டிலிருந்து நாலு மைக்ரான். ஜோடி ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தது, ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட முடியாது. நாலும் ஒரே அளவு டீசல் தள்ளுகிறதா என்பது பம்பைச் சுழற்றி அளக்கிற டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால்தான் தெரியும். அதனால் அடுத்தவன் வார்த்தையை நம்பியாக வேண்டியிருக்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு அது போதும்.

பழைய பொருள் வாங்கி விற்கிற ஆப் ஒன்றில் விளம்பரம். "நாலு எலிமெண்டும் புதுசு, டெலிவரி வால்வு புதுசு, கேலிபரேஷன் பண்ணி ஈயச் சீல் வச்சது, ஆறு மாசம் வாரண்டி." (டெலிவரி வால்வு என்பது டீசல் திரும்பாமல் தடுப்பது, கேலிபரேஷன் என்பது நாலும் தள்ளும் அளவைச் சமன் செய்வது.) போனில் பேசியவன் அவசரமே படவில்லை. "காசு இப்பப் போட வேண்டாங்ணா, பெஞ்சுல ஏத்தி வீடியோ அனுப்பறேன், பாத்துட்டுப் போடுங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் கவிழ்த்தது. வீடியோ வந்தது. பெஞ்ச் சுற்றுகிறது, நாலு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் ஏறி நிற்கிறது, ஒரு கோடு கூட ஏற்றத்தாழ்வு இல்லை. இதற்கு மேல் என்ன கேட்பது? 18,500 ரூபாய் அன்று சாயங்காலமே யூபிஐயில் போய்விட்டது. பம்பின் பக்கவாட்டுத் தட்டில் அடித்திருக்கும் எண்ணை அந்த வீடியோவில் ஒரு தடவை கூடக் காட்டவில்லை என்பது பணம் போன பிறகுதான் கண்ணில் பட்டது. வீடியோவில் ஓடியது வேறு பம்பு.

வந்தது பளபளவென்று பெயிண்ட் அடித்த பம்பு. மாட்டி, ஃபில்டரிலும் பம்பிலும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பிரைமர் (கையால் டீசல் ஏற்றும் குட்டிப் பம்பு) அடித்து, கடைசியாக நாசில் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் முனை) நட்டுகளில் காற்றை எடுத்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐடிலிலேயே ஒரு சிலிண்டர் மிஸ். லோடில் இழுவை இல்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடானபின் ஆஃப் செய்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

"ஏர் லாக்குங்ணா" என்றான் விற்றவன், லைனில் காற்று அடைத்திருக்கிறதாம். டேங்கிலிருந்து வரும் லைனில் கண்ணாடிபோல் தெரியும் ஹோஸ் மாட்டிப் பார்த்தாயிற்று, ஒரு குமிழி இல்லை.

"டைமிங் தப்பா வச்சிருப்பீங்க." ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் நிறுத்தி, ஃப்ளைவீலை ஸ்பில் டைமிங் கோட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றாம் எலிமெண்டின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, வளைந்த பைப் மாட்டி, ராக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) ஃபுல்லில் வைத்துப் பிரைமர் அடித்தால், ஒழுக்கு சொட்டாகச் சுருங்கி நிற்கிற இடம்தான் டைமிங், பம்பு டீசல் தள்ளத் தொடங்கும் புள்ளி. கோட்டில் சரியாகத்தான் நின்றது.

"அப்ப உங்க நாசில் போச்சு." நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியதில் மூன்றாவதைத் தளர்த்தும்போது மட்டும் எஞ்சின் சத்தம் மாறவில்லை, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. மூன்றின் நாசிலை ஒன்றுக்கும், ஒன்றின் நாசிலை மூன்றுக்கும் மாற்றிப் போட்டாயிற்று. மிஸ் மூன்றிலேயே நின்றது. கோளாறு நாசிலில் என்றால் அது ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனை. மூன்றாவது பைப்பைக் கழற்றி, ராக்கை ஸ்டாப்பில் வைத்துப் பிரைமரை மட்டும் அடித்தால் அங்கே டீசல் பொங்கக் கூடாது. பொங்கியது. டெலிவரி வால்வு உட்காரவில்லை என்று அர்த்தம். சூடாகி நின்றுபோன வண்டியில், எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கால் மணி நேரம் வைத்ததும் உடனே ஸ்டார்ட் ஆனது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த பிளஞ்சர் வழியே கசிகிறது, குளிர்ந்தால் பிடிக்கிறது. பம்பின் கேம் பெட்டியில் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடையும் வந்துவிட்டது. (ஓடுகிற எஞ்சினில் சூடான பம்பில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும்.)

தெரிந்த பம்பு மேஸ்திரியிடம் கொண்டுபோய்த் திறந்தால், பிளஞ்சர்களில் இரண்டில் ஒரு நம்பர், மற்ற இரண்டில் வேறு நம்பர். ஒரு பம்பில் நாலும் ஒரே நம்பராக இருக்க வேண்டியவை. மூன்றாவதில் சாய்வாக வெட்டியிருக்கும் விளிம்பை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் மங்கிய தடம், நகத்தில் தட்டுகிறது. புது எலிமெண்ட் ஒன்று கூட இல்லை. 18,500 ரூபாய்க்கு வந்தது பெயிண்டும் ஈயச் சீலும்தான்.

போட்டோ அனுப்பியதும், "சீலை உடைச்சிட்டீங்க, வாரண்டி கிடையாது." உடைக்காமல் உள்ளே இருக்கிற தேய்மானத்தை எப்படிக் காட்டுவது? அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. ஆப்பில் புகார் போட்டால், நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை என்று மூன்று தடவை ஒரே பதில். விளம்பரம் இப்போது இல்லை. வேறு படத்தோடு அதே வார்த்தைகளில் புது விளம்பரம் ஓடுகிறது.

எழுத நினைத்தது நிறைய, கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பம்பை எக்ஸ்சேஞ்சில் விடாதீர்கள். உங்கள் பம்பையே பெஞ்ச் இருக்கிற கடைக்குக் கொண்டுபோய், கூடவே நின்று வேலை வாங்குங்கள். கழற்றிய பழைய எலிமெண்ட் நாலையும் கேட்டு வாங்குங்கள். வீடியோ என்றால் பம்பு எண் தட்டிலிருந்து கண்ணாடிக் குழாய்வரை வெட்டில்லாமல் ஒரே ஓட்டம். பார்சலைப் பிரிக்கும்போதே நீங்களும் வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், நாள் கடத்தாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. வண்டி தொழிலுக்கு ஓடுவதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுகிறவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 18,500 ரூபாய்க்கான மனு நாளைக்குப் போகிறது, நாலு பிளஞ்சரின் போட்டோவோடு.