வாசல் பந்தலுக்குக் காகிதப்பூவா, பாஷன் ஃப்ரூட்டா?

செங்கோட்டைப் பக்கம் வைகாசி பிறந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். வெயில் தணியவில்லை, ஆனால் சாரல் விழுவதற்குள் எந்தக் கொடி என்று முடிவுசெய்துவிட வேண்டும். மேற்குப் பார்த்த வாசலில் பந்தல் போட்டால் எதை ஏற்றுவது? எங்கள் வீட்டில் பல வருடம் நின்ற காகிதப்பூவை எடுத்துவிட்டுப் பாஷன் ஃப்ரூட் வைத்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது தெரிந்ததுதான்.

நிழல் இரண்டிலும் நன்றாகவே கிடைக்கும். அழகில் காகிதப்பூவுக்கு ஈடு கிடையாது. தண்ணீரிலும் அதற்கே முதலிடம். மண் காயக் காயத்தான் அது நிறைய பூக்கும். கோடை முடிவில் கிணறு அடியில் கிடக்கிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. பாஷன் ஃப்ரூட்டை அப்படி விட முடியாது. வேர் காய்ந்தால் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். தூரைச் சுற்றிச் சருகு பரப்பி, அரிசி கழுவிய தண்ணீரையும் சேர்த்து ஊற்றித்தான் நாங்கள் மே மாதத்தைத் தாண்டுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு நான் மாறியதற்குக் காரணம் கவாத்து. அதிலும், வெட்டிப்போட்ட கிளையை என்ன செய்வது என்பது. ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கியதும் காகிதப்பூ பூப்பதைக் குறைத்துக்கொண்டு கிளையாகத் தள்ளும். நீளநீளமான போத்துகள், கணுவுக்குக் கணு முள். அடிக்கிற காற்றில் அது வாசலுக்கு வருகிறவர் முகத்தில் படும், பிள்ளைகள் கண்ணுக்கு நேரே ஆடும். சாரல் காலம் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். கழிவுதான் பாடு. மாட்டுக்குப் போட முடியாது. உரக்குழியில் போட்டால் தண்டு மட்கவே நாளாகும், எருவை அள்ளும்போது முள் கையில் ஏறும். குப்பை வண்டியில் வாங்க மாட்டார்கள். ஈரத்தில் எரியவும் எரியாது. தெருவோரம் ஒதுக்கினால் சைக்கிள் டயர் போச்சு.

பாஷன் ஃப்ரூட்டில் முள்ளே இல்லை. காய்ப்பு ஓய்ந்ததும் பக்கக்கொடிகளை ஒரு முறை ஒதுக்கிவிட்டால் புதுத்தளிர் வரும், அதில்தான் பூ வைக்கும். வெட்டியது உரக்குழியில் சீக்கிரமே மட்கிவிடும். பழமும் கஷ்டம் கொடுக்காது: பூத்து இரண்டு மாதம் கடந்ததும் பழுத்துத் தானாகவே விழும், காலையில் பொறுக்கிக்கொள்ளலாம். தோல் லேசாகச் சுருங்கும்வரை வைத்திருந்தால் புளிப்பு குறையும்.

நாலைந்து வருடத்தில் காய்ப்பு குறையும், கொடியை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். எங்கள் கொடி இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. காகிதப்பூவோ வைத்தவர் காலத்துக்கும் நிற்கும். ஆள் நடமாட்டம் இல்லாத பின்பக்க மதிலுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். அங்கே முள் வேலியாகப் பயன்படும்.

வாங்கும்போது ரகம் பார்க்க வேண்டும். ஊதாப் பழம் குளிர்ந்த மலைக்கு ஏற்றது, மஞ்சள் நம்மைப் போன்ற அடிவாரத்துக்கு. ஆனால் மஞ்சளில் ஒற்றைக் கொடி வைத்தால் பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. அதற்கு வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். ஒரே கொடியிலிருந்து வெட்டிய இரண்டு போத்துகளை நட்டாலும் அதே கதைதான். விதையிலிருந்து வந்த இரண்டு கன்றுகளை வைத்தால் கருவண்டு மீதியைப் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் ரகம் நண்பகலுக்குத்தான் விரியும். வண்டு வராத தெருவாக இருந்தால் பிற்பகலில் ஒரு கொடியின் மகரந்தத்தை விரலால் எடுத்து மற்றதன் பூவில் தடவ வேண்டும். ஊதாவையும் மஞ்சளையும் கலந்து உருவாக்கிய கலப்பினமாக, கர்நாடகத்துச் செட்டள்ளி ஆய்வு நிலையத்தின் 'காவேரி' ரகமும் இருக்கிறது. குழி ஒன்றரை அடி ஆழமும் அகலமும் போதும். தொழுவுரம் போட்டு இப்போதே ஆறவிட்டு, முதல் சாரலோடு நட்டுவிடுங்கள்.