மிருதங்க உறை: கடைப் பையில் விடுபடுவது என்ன?

இசைக்கருவிக் கடைகளில் மிருதங்கத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று ரகம். சுருக்குக் கயிறு வைத்த துணி உறை, ரெக்ஸின் பை, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து முதுகில் மாட்டும்படி தைத்த பை. துணி உறை தூசியைத் தடுக்கும், அவ்வளவுதான். ரெக்ஸின் மடிப்பு மடிப்பாக வெடிக்கும், காற்றும் உள்ளே போகாது. காசு கொடுத்து வாங்க ஓரளவு தகுதியானது மூன்றாவதுதான். அதிலும் அடிப்படையில் ஒரு தவறு இருக்கிறது.

பலாமரக் கட்டைக்குச் சின்ன இடிகளால் பெரிய சேதம் வராது. காக்க வேண்டியது இரண்டு மூட்டுகளை, அதாவது இரு முனைகளிலும் உள்ள தோல் முகங்களை; அதிலும் முக்கியமாக வலந்தலை எனும் வலது முகத்தின் கரணையை. சோறும் கல்பொடியும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அந்தக் கருப்பு வட்டத்தில் ஒரு பக்கம் பெயர்ந்தாலே நாதம் கெட்டுவிடும். கடைப் பைகளோ வயிற்றுப் பக்கம் தடிமனாகவும், இரு முனைகளில் ஒற்றைத் துணியாகவும் இருக்கின்றன. பை நேர் உருளை. மிருதங்கமோ நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்குவது. அதனால் முனைகளைச் சுற்றி வெற்றிடம் விழுகிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் வாத்தியம் உள்ளே ஆடும். ரயில் நடைமேடையில் பையை நிமிர்த்தி வைத்தால் முழுக் கனமும் மூட்டின் மேல் இறங்கும்.

வீட்டில் தைக்கும் பையில் இதைச் சரிசெய்யலாம். கிராமத்தில் பானைக்கு அடியில் வைக்கும் வளையமான சும்மாடுதான் வழி. மூட்டின் பின்னல் விளிம்பு மட்டும் வளையத்தில் அமர வேண்டும். கரணை எதிலும் படக்கூடாது.

பொருள்கள்: 6 மி.மீ. தடிமன் ஈவிஏ (ஒரு வகை நுரைப் பொருள்) யோகா பாய் இரண்டு (சுமார் 173 × 61 செ.மீ.), பின்பக்கம் பூச்சு உள்ள 600 டெனியர் பாலியெஸ்டர் துணி ஒன்றரை மீட்டர், உள் துணிக்குக் காட்டன் அதே அளவு, 8-ஆம் நம்பர் நைலான் ஜிப் முக்கால் மீட்டர், 38 மி.மீ. நாடா 5 மீட்டர், பாலியெஸ்டர் நூல். சென்னையில் பாரிமுனையைச் சுற்றிய தெருக்களில் இவை எல்லாம் கிடைக்கும். பிவிசி பாய் வேண்டாம். கனம் அதிகம், வெயிலில் பிசுபிசுக்கும். மெத்தை ஸ்பாஞ்சும் வேண்டாம். கனத்தில் அமுங்கி அப்படியே தங்கிவிடும், ஈரம் பட்டால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உலோகப் பல் வைத்த ஜிப் கட்டையைக் கீறும்.

முதலில் வாத்தியத்தை அளக்க வேண்டும்: நீளம், வயிற்றின் சுற்றளவு, இரு மூட்டுகளின் வெளி விட்டம். வலந்தலையும் தொப்பியும் (இடது முகம்) ஒரே அளவு அல்ல, இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 22 அங்குல (56 செ.மீ.) மிருதங்கம், வயிறு 86 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. பாய் ஒரு சுற்று சுற்றினால் வெளிச் சுற்றளவு ஏறக்குறைய 4 செ.மீ. கூடும். இதைச் சேர்க்க மறப்பதால்தான் முதல் பை பலருக்கும் மூட முடியாமல் போகிறது. தளர்வுக்கு 3, தையலுக்கு 2. நீளத்தில் இரு சும்மாடுகளுக்கும் தையலுக்கும் சேர்த்து 7. ஆக 95 செ.மீ. அகலம், 63 செ.மீ. நீளம் வெட்டலாம்.

வரிசை முக்கியம். நாடாவை முதலில், துணி தட்டையாக இருக்கும்போதே வெளித்துணியில் தைத்துவிட வேண்டும். அது பையின் அடிவரை முழுக்கச் சுற்றிப் போய்க் கைப்பிடியாக மேலே வர வேண்டும். கைப்பிடியை ஜிப் ஓரத்தில் மட்டும் தைத்தால் கனம் ஜிப்பை இழுத்து ரன்னரைப் பிளக்கும். நாடா முடியும் இடங்களில் ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி என்று தையுங்கள். நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

பிறகு வெளித்துணி, பாய், உள் துணி மூன்றையும் அடுக்கி நீளவாக்கில் நான்கைந்து கோடு தைக்கலாம். வீட்டுத் தையல் இயந்திரமே போதும், ஊசி 16-ஆம் நம்பர், தையல் நீளம் 4 மி.மீ. பொடித் தையல் போட்டால் பாய் தபால்தலை ஓரம் போல ஓட்டை ஓட்டையாகிக் கிழியும். உள் துணி மேல்பக்கம் இருக்கட்டும், வெறும் பாய் மேலே இருந்தால் இயந்திரத்தின் பாதத்தில் ஒட்டி நகராது. ஓரத்தில் 1 செ.மீ. அகலத்துக்குப் பாய் வரக்கூடாது. தையல் விழும் இடத்தில் துணி மட்டும்தான்.

ஜிப் தைத்துக் குழாய் ஆனபின் முனை வட்டங்களை வெட்டுங்கள், முன்கூட்டியே வெட்ட வேண்டாம். தையல் கோட்டில் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்து 2 செ.மீ. கூட்டினால் விட்டம் கிடைக்கும். குழாயின் ஓரத்தில் 2 செ.மீ.க்கு ஒரு நறுக்கு கொடுத்து, நான்கு பக்கமும் குண்டூசி குத்திக்கொண்டு தைத்தால் சுருக்கம் விழாது.

இனி சும்மாடு. மீதிப் பாயில் 28 செ.மீ. வட்டங்கள் பதினான்கு, ஒரு மூட்டுக்கு ஏழு. ஒன்று முழு வட்டம். அதன்மேல் இரண்டு வளையம், துளை மூட்டின் விட்டத்தைவிட 3 செ.மீ. குறைவு; விளிம்பு உட்காரும் இடம் இது. அதன்மேல் நான்கு வளையம், துளை மூட்டின் விட்டத்துக்குச் சரியாக. ரப்பர் பசையால் ஒட்டி ஒரு முழு நாள் உலர விட்டு, காட்டன் துணியால் மூடித் தையுங்கள். பசை வாடை போகும்வரை வாத்தியத்தில் மாட்டாதீர்கள். வலந்தலைக்கு உரியதில் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் போட்டால் மாறாது. இரண்டையும் மூட்டுகளில் மூடி போல மாட்டிய பிறகே வாத்தியத்தைப் பைக்குள் இறக்க வேண்டும். 24 அங்குல மிருதங்கம் என்றால் துணி நீளத்தை 68 ஆக்கினால் போதும். பாய் இரு முனையிலும் இரண்டரை செ.மீ. குறைவது சும்மாடு இருக்கும் இடம் என்பதால் பாதகமில்லை.

சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும் வைக்கும் பை வெளியே, வயிற்றுப் பக்கம் மட்டும். பல கடைப் பைகளில் இது முனைக்கு அருகே இருக்கிறது. கல் நேராக மூட்டில் இடிக்கும்.

வீட்டுப் பைக்கும் எல்லை உண்டு. கச்சேரி முடிந்து, வாசிப்பதற்காகத் தொப்பியில் குழைத்து அப்பிய ரவையைச் சுரண்டித் துடைத்தாலும் தோலில் ஈரம் இருக்கும். உடனே மூடி இரவெல்லாம் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மிச்ச ரவைக்குப் பூச்சி வரும். வீடு சேர்ந்ததும் ஜிப்பைத் திறந்து தொப்பிப் பக்கச் சும்மாட்டைக் கழற்றிவிடுங்கள். தூறலைத் துணி தாங்கும், ஆனால் மார்கழியில் திடீரென்று கொட்டும் மழையில் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும்; அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை வேண்டும். விமானத்தில் சரக்கோடு போடுவதற்கு இந்தப் பை போதாது, கடினமான ஃபைபர் பெட்டிதான் வேண்டும்.

தைக்க நேரமில்லை, கடைப் பை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் அந்தச் சும்மாடு இரண்டை மட்டும் செய்யுங்கள். பையின் உள் விட்டத்துக்கு ஏற்ப வட்டத்தின் அளவு மட்டும்தான் மாறும். அதற்குத் தையல் இயந்திரம் வேண்டியதில்லை.