மாதத் தொகையா, மீட்டரா?

வீட்டுக் குடிநீருக்கு இரண்டு வகையில் காசு வாங்கலாம். எவ்வளவு பிடித்தாலும் ஒரே தொகை என்பது ஒன்று. மீட்டர் வைத்து, ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று அளப்பது மற்றொன்று.

ஒரே தொகையில் கணக்கு எளிது, தகராறு இல்லை. ஆனால் குடத்தில் பிடிக்கும் வீடும், காரைக் கழுவித் தோட்டத்துக்கும் பாய்ச்சும் வீடும் ஒரே பணம் கட்டுகின்றன. ஒழுகும் குழாயை யாரும் அவசரமாக மாற்றுவதும் இல்லை.

மீட்டரில் நியாயம் அதிகம். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலின்படி, ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் சுமார் 20,000 லிட்டர் ஆகும். அதுவரை மலிவாகவும், அதற்கு மேல் படிப்படியாகக் கூட்டியும் வாங்கலாம். சிக்கல் வேறிடத்தில். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், தண்ணீருக்கு முன் வரும் காற்றும் மீட்டரைச் சுழற்றிவிடும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் இருந்தால், சிக்கனமாக இருப்பவர்களும் மேல்படிக் கட்டணத்தில் மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் அதை எப்படிப் பிரிப்பார் என்பது அவரவர் தலையெழுத்து.

புதுச்சேரியில் இன்னொன்றும் உண்டு. குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். மீட்டர் கட்டணம் ஏறினால், வசதியுள்ளவர் சொந்த ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிவிடுவார். கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே வரும். அதற்குப் பில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

என் ஓட்டு மீட்டருக்கே, குடித்தனங்களை எண்ணிக் கணக்கிட்டு, மோட்டார் கிணறுகளையும் அளந்தால்.