வீட்டில் ஓர் ஓபிடி ஸ்கேனர்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைத்துக்கொள்ளும் சிறிய ஓபிடி (காரின் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பு) ஸ்கேனர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் பிழைக் குறியீட்டைப் படித்துவிட்டு அழிப்பதற்கு மட்டுமே இதை வாங்குகிறவர்கள் அதன் பயனில் கால் பங்கைக்கூடப் பெறுவதில்லை என்பது என் கருத்து. எந்தப் பாகம் கெட்டது என்று குறியீடு சொல்வதில்லை. காரின் கணினி தானாக நடத்தும் சோதனைகளில் எது தோற்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது பி0420 என்ற குறியீடு. எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அதன் பொருள். காரைப் பார்த்த ஒரு பட்டறையில், வேறு எதையும் சோதிக்காமலே, கன்வெர்ட்டரை மாற்றியாக வேண்டும் என்றார்கள். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பிலேயே விலை அதிகமான பாகம் அதுதான் என்பதால், மாற்றுவதற்கு முன் சென்சார்கள் அந்தந்த நொடியில் காட்டும் நேரடித் தரவுகளை ஸ்கேனரில் பார்த்துவிட முடிவு செய்தேன்.

என் காரில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையிலுள்ள ஆக்சிஜனை உணரும் ஆக்சிஜன் சென்சார் ஒவ்வொன்று இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு முன்சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வெளிவிடும் திறனோடு இருந்தால், பின்சென்சார் 0.6 அல்லது 0.7 வோல்ட் அளவில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஐட்லிங்கில் பின்சென்சாரின் கோடு அடிக்கடி கீழே சரிந்து மீண்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தியதும் அதே கோடு நேராகிவிட்டது. கன்வெர்ட்டர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், புகையோட்டம் அதிகமாகும்போது நிலைமை மோசமாகத்தானே வேண்டும்? வேகம் குறைவாக இருக்கும்போது மட்டும் வெளிக்காற்று எங்கோ உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றுகிறது என்ற ஐயம் அப்போதுதான் வலுத்தது.

கசிவைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகு, காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சரின் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகள் ஒவ்வொன்றின் மீதும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். கன்வெர்ட்டருக்கும் பின்சென்சாருக்கும் நடுவில், குழாய்களைச் சேர்த்து போல்ட் போடும் தட்டையான இணைப்பான ஃபிளேஞ்சின் ஒரு விளிம்பில் மட்டும் நுரை பொங்கியது. அதே இடத்தில் கரி மெல்லிய கீற்றாகப் படிந்திருந்தது. காருக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

துருப்பிடித்த நட்டுகளில் முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெயை ஊற வைத்திருந்ததால் போல்ட் எதுவும் முறியாமல் கழன்றது. இணைப்பின் இடைவெளியை அடைக்கும் புதிய கேஸ்கெட்டையும் புதிய நட்டுகளையும் போட்டு, பக்கம் மாற்றி மாற்றிச் சீராக இறுக்கினேன். அதோடு வேலை முடிந்தாலும் காத்திருப்பு முடிவதில்லை. குறியீட்டை அழிக்கும்போது கணினியின் சுயசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடுவதால், பல்வேறு வேகங்களில் ஓட்டி அவை மீண்டும் நிறைவடையும் வரை பழுது தீர்ந்ததா என்று தெரியாது. புகைப் பரிசோதனைக்குப் போகும் வழியில் குறியீட்டை அழித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஓபிடி சாக்கெட்டையும் படித்துச் சோதிக்கும் இடங்களில், சோதனைகள் நிறைவடையவில்லை என்பதைப் பரிசோதனைக் கருவியும் படித்துவிடும். சில ஸ்கேனர் செயலிகளில் உள்ள மோட் 6 பகுதி, கன்வெர்ட்டர் சோதனையில் கிடைத்த எண்ணையும் அதற்குரிய வரம்பையும் அருகருகே காட்டுகிறது. பழுது பார்த்த பிறகு அந்த எண் வரம்பிலிருந்து வெகுதூரம் விலகி நின்றதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது. அந்தக் குறியீடு பிறகு வரவில்லை.

பின்னர் பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டில் சிறு கசிவு என்று சொல்லும் பி0442 வந்தது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மூடியை மாற்றியதோடு சரியாகிவிட்டது.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மலிவான வகைகளில் தரவு மெதுவாக வருவதால், சென்சாரின் வேகமான ஏற்ற இறக்கங்கள் வரைபடத்தில் மழுங்கித் தெரிகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அளவுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். எல்லாக் கார்களிலும் எல்லாவற்றையும் படிக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவற்றின் குறியீடுகளை என் ஸ்கேனர் தொடுவதே இல்லை. வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது செருகியபடியே விட்டுவைத்தால் பேட்டரியையும் மெல்ல உறிஞ்சுகிறது என்பதால், வேலை முடிந்ததும் கழற்றி டேஷ்போர்டு அறைக்குள் போட்டுவிடுகிறேன்.