முதல் வருடம்: ஹாஸ்டலா, வீட்டிலிருந்தே போய்வருவதா?

செங்கல்பட்டில் வீடு, கிண்டியில் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரயிலில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாணவர் சீசன் டிக்கெட் எடுத்தால் ஹாஸ்டல் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத சின்னத் தொகைதான். அம்மா கையால் சாப்பாடு, துணி துவைக்கும் கவலை இல்லை. பணம்தான் பிரச்சினை என்றால் யோசிக்கவே வேண்டாம், வீடுதான்.

ஆனால் முதல் செமஸ்டரில் திணறுபவர்கள் பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் மட்டும் திணறுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் போட்டவருக்கு, திடீரென ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு பாதிதான் புரியும். ஹாஸ்டலில் இருந்தால், மீதியை ராத்திரி பத்து மணிக்கு எதிர் அறை நண்பன் தமிழில் சொல்லித்தருவான். ரெக்கார்டு நோட்டும் பழைய வினாத்தாளும் அங்கேதான் கைமாறும். இது ரயிலில் கிடைக்காது. அங்கே உட்கார இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஹாஸ்டலின் தொல்லை வேறு மாதிரி. எழுப்ப ஆள் இல்லாததால் முதல் பீரியட் தொடர்ந்து தவறிப்போகும்; 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுதுவது சிக்கல். மெஸ் சாப்பாடு பற்றிப் பேசாமல் விடுவோம். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது, தயங்காதீர்கள்.

ஒரு வழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், கட்டணத்தையும் சமாளிக்க முடிந்தால், என் ஓட்டு ஹாஸ்டலுக்கு. இரண்டாம் வருடம் இடம் கிடைக்குமா என்பதைச் சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.